இடது பக்கம் மட்டும் மிஞ்சியது

போன மாதம் திருச்சியில் ஒரு புத்தக வெளியீடு. கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். வெப் டிசைனராக வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பழைய தமிழ் இணையதளங்களைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டிருந்தார். ஓடுகிற எழுத்து, மினுக்குகிற நட்சத்திரம், 'எழுத்துருவை இங்கே இறக்கிக்கொள்ளவும்', 'நீங்கள் 1437-வது பார்வையாளர்'. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில், "எல்லாத்துக்கும் மேல அந்த ஃப்ரேம் இருக்கே அண்ணே, இடது பக்கம் மெனு, வலது பக்கம் மேட்டரு. எந்த முட்டாள் பண்ணின வேலையோ!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த முட்டாள்களில் ஒருவன் நான்.

அவருக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவருக்கு மட்டுமில்லை. அவருக்கு நேர் எதிராக இன்னொரு கட்சி இப்போது கிளம்பியிருக்கிறது. பழைய இணையம்தான் பொற்காலம், அப்போதுதான் எல்லோருக்கும் சொந்த வீடு இருந்தது என்று உருகுகிற கட்சி. ஃப்ரேம் போட்ட பக்கங்களைத் திரும்பவும் ஆசை ஆசையாகக் கட்டுகிறார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

ஃப்ரேம் என்றால் என்ன என்று தெரியாத வயதில் நிறையப் பேர் இதைப் படிக்கலாம். ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றி இருக்கிற படக்கடைகளில் பெருமாள் படத்துக்குப் போடுகிறார்களே, அந்த ஃப்ரேம் இல்லை. 1996-ல் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 பிரவுசரோடு வந்த ஒரு வசதி. நாம் திறக்கிற முதல் கோப்பில் விஷயமே இருக்காது. திரையை இப்படிப் பிரி, இடது பக்கம் இருபது சதவீதத்தில் இந்தக் கோப்பைக் காட்டு, வலது பக்கம் மீதியில் அந்தக் கோப்பைக் காட்டு என்று ஓர் உத்தரவு மட்டும் இருக்கும். இடது பக்கம் மெனு அசையாமல் நிற்கும். அதில் ஒன்றைத் தொட்டால் வலது பக்கம் மட்டும் மாறும். 1997 டிசம்பரில் வந்த ஹெச்டிஎம்எல் 4.0 இதை முறைப்படி சேர்த்துக்கொண்டது. 2014-ல் ஹெச்டிஎம்எல் 5 இதைத் தூக்கி வெளியே போட்டது. நடுவில் இருந்த பதினேழு வருஷத்தில் தமிழ் இணையத்தின் முதல் தலைமுறை வந்து, எழுதி, பாதி காணாமலும் போய்விட்டது.

என் கதை 2001-ல் தொடங்குகிறது. அப்போது நான் கல்லூரி மாணவன். ஸ்ரீரங்கத்தையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து ஒரு வாக்கியம் சொன்னால் அதற்குள் சுஜாதா வந்து உட்கார்ந்துவிடுவார் என்று எங்கள் பக்கம் ஒரு கிண்டல் உண்டு. அவர் அப்போது அம்பலம் இணைய இதழுக்கு ஆசிரியராக இருந்தார். அந்தத் தெம்பில்தான் நாங்களும் ஆளுக்கு ஒரு தளம் தொடங்கினோம். என்னுடையது என் எழுத்துக்கான தளம் இல்லை. வடக்கு உத்திர வீதியில் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இருந்தார். எங்களுக்கு அவர் 'சார்', அவ்வளவுதான். கோடு போட்ட நோட்டுகளில் ஊரைப் பற்றி எழுதி வைத்திருந்தார். தல வரலாறு இல்லை, அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவர் எழுதியது வேறு. அம்மா மண்டபத்துப் படித்துறையில் எந்தப் படி வரை தண்ணீர் வந்தால் என்ன பேசிக்கொள்வார்கள், எழுபத்தேழு வெள்ளத்தில் யார் வீட்டு மாடியில் யார் தங்கினார்கள், இந்த மாதிரி. ராஜகோபுரம் 1987-ல் பதின்மூன்று நிலையோடு 236 அடிக்கு எழும்பி நிற்பதற்கு முன்னால் அது ஒரு மொட்டைக் கோபுரம். சாரின் பிள்ளைப் பிராயம் முழுக்க அந்த மொட்டைக் கோபுரத்து நிழலில் போயிருந்தது. அதைப் பற்றி ஒரு நீளமான கட்டுரை எழுதியிருந்தார். மொத்தம் 41 கட்டுரைகள்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு முப்பது ரூபாய். ஒரு இலவச சர்வரில் இடம் பிடித்தேன். ஃப்ரேம் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று டீக்கடைத் தம்பி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எனக்குக் கிடைத்த இலவச இடத்தில் பிஹெச்பி கிடையாது, டேட்டாபேஸ் கிடையாது. நோட்பேடில் அடித்த கோப்புகளை ஏற்றலாம், அவ்வளவே. 41 கட்டுரை இருக்கிறது. 42-வது வந்தால் மெனுவில் ஒரு வரி கூட்ட வேண்டும். ஃப்ரேம் இல்லையென்றால் 41 கோப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து, அந்த வரியை ஒட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். மோடம் பாதியில் அறுந்தால் எது ஏறியது எது ஏறவில்லை என்று தேட வேண்டும். ஃப்ரேம் இருந்தால் ஒரே ஒரு கோப்பு. இன்றைக்கு வேர்ட்பிரஸ் உங்களுக்காகச் சத்தமில்லாமல் செய்கிற வேலையை அன்றைக்குக் காசில்லாதவனுக்கு ஃப்ரேம்தான் செய்தது.

படிக்கிறவர் பக்கமும் பாருங்கள். 56 கே மோடம் என்று பேர், நொடிக்கு நாலு கிலோபைட் வந்தால் அன்றைக்கு யார் முகத்தில் விழித்தோம் என்று யோசிப்போம். பக்கத்துக்குப் பக்கம் நாற்பது கிலோபைட் தலைப்பும் மெனுவும் திரும்ப வந்தால் பத்து நொடி அதற்கே போய்விடும். படங்களைப் பிரவுசரே சேமித்து வைத்துக்கொள்ளும் என்பதால் உண்மையான மிச்சம் நாங்கள் பீற்றிக்கொண்ட அளவுக்கு இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃப்ரேம் வேண்டாமென்றவர்கள் என்ன செய்தார்கள்? பக்கம் முழுவதையும் ஒரு பெரிய டேபிளுக்குள் அடைத்தார்கள். அன்றைய நெட்ஸ்கேப் அந்த டேபிள் முழுசாக வந்து சேரும் வரை திரையில் ஒரு எழுத்தைக்கூடக் காட்டாது. வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டே மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

இன்னொரு காரணம் சாருடையது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஃப்ரேம் மேல் ஒரு மரியாதை வருகிறது. சில கட்டுரைகளில் அவர் பாசுரம் ஒன்றை எடுத்துக்கொண்டு வரி வரியாகப் பேசுவார். "மேலே பாட்டு நிக்கணும் தம்பி. கீழே உரை ஓடணும். உரை படிக்கறவன் பாட்டைத் தேடி ஏடு புரட்டிக்கிட்டே இருந்தான்னா ரெண்டும் மனசுல ஒட்டாது" என்றார். திரையைக் குறுக்கே பிளந்து மேல் ஃப்ரேமில் பாட்டு, கீழ் ஃப்ரேமில் உரை வைத்துக் காட்டினேன். உரை மட்டும் நகர்ந்தது, பாட்டு நின்றது. மனிதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மூலமும் உரையும் சேர்ந்தே வளர்ந்த மொழி நம்முடையது. நாலாயிரத்துக்கும் உரை எழுதிய பெரியவாச்சான் பிள்ளை நடமாடிய ஊர் அது. அந்த ஊர்க்காரருக்குத் திரை என்பது ஒரே நீளத்துக்கு ஓடுகிற சுருள் இல்லை. இன்று நான் செல்பேசியில் சங்கப்பாட்டு உரை படிக்கும்போது கட்டைவிரலால் மேலே போய்ப் பாட்டைப் பார்த்து, கீழே வந்து உரையைத் தொலைத்து, மறுபடி மேலே போகிறேன். முட்டாள்கள் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

இனி நான் செய்த பாவத்துக்கு வருகிறேன்.

தளம் ஏறி ஒரு மாதம் இருக்கும். சாரின் மகள் சிங்கப்பூரில் இருந்தார். மொட்டைக் கோபுரம் கட்டுரையைப் படித்துவிட்டு அழுதிருக்கிறார். தன் தோழிகளுக்கு அனுப்பலாம் என்று பிரவுசரின் மேலே இருந்த முகவரியை நகலெடுத்து மின்னஞ்சலில் போட்டிருக்கிறார். திறந்தவர்களுக்கெல்லாம் வந்தது முகப்புப் பக்கம்: நல்வரவு, மினுக்கும் விளக்கு, இடது பக்கம் 41 தலைப்பு. எதைப் படிக்கச் சொன்னாள் என்று யாருக்கும் புரியவில்லை. ஏனென்றால் ஃப்ரேமுக்குள் நீங்கள் எங்கே போனாலும் மேலே இருக்கிற முகவரி மாறவே மாறாது. புக்மார்க் போட்டாலும் முகப்புதான். பிரிண்ட் கொடுத்தால் சில சமயம் மெனு மட்டும் அச்சாகி வரும். அந்தப் பேப்பருக்கும் சென்டரில் காசு.

சாரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு உடனே புரியவில்லை. பிறகு வாசலுக்கு வந்து வீதியைக் காட்டிச் சொன்னார்: "ஏழு மதில், ஒண்ணுக்குள்ள ஒண்ணு. உன் ஃப்ரேம் மாதிரிதானே இதுவும்? ஆனா உத்திர வீதிக்கு ஒரு பேரு, சித்திரை வீதிக்கு ஒரு பேரு, அடையவளஞ்சானுக்கு ஒரு பேரு. அதுலயும் கீழ, மேல, வடக்கு, தெற்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு நம்பர். தபால்காரன் நேரா என் வீட்டுக்கு வரான். நீ என்னடான்னா எல்லாத் தபாலையும் ராஜகோபுரத்துலயே போட்டுட்டுப் போகச் சொல்ற."

நான் சிரித்து மழுப்பினேன். 1996 டிசம்பரிலேயே ஜேக்கப் நீல்சன் ஒரு கட்டுரையில் இதைத்தான் சொல்லியிருந்தார். வலையில் பார்ப்பதற்கும், நகர்வதற்கும், முகவரிக்கும் அடிப்படை அலகு ஒன்றேதான், அது பக்கம்; ஃப்ரேம் அந்த ஒற்றுமையை உடைக்கிறது, பெரும்பாலும் அதைத் தவிர்ப்பதே நல்லது என்பது அவர் வாதம். நான் அதைப் படித்தது பல வருஷம் கழித்து. படித்தபோது தோன்றியது, சார் இன்னும் தெளிவாகச் சொன்னார்.

நீல்சன் சொல்லாத ஒன்று தமிழுக்கு நடந்தது. அன்றைக்கு ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு, ஒரு குறியீட்டு முறை. 1999-ல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி டாம், டாப் என்று தரப்படுத்திய பிறகும் குழப்பம் தீரவில்லை. தேடுபொறிக்கு எங்கள் தமிழ் வெறும் குப்பை எழுத்தாகத்தான் தெரிந்தது. எப்படியும் தேடி யாரும் வரப்போவதில்லை, அப்புறம் உள்பக்கத்துக்கு முகவரி எதற்கு என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். பிறகு யூனிகோடு பரவியது. பலர் தங்கள் கோப்புகளை மாற்றி ஏற்றினார்கள், நானும் மாற்றினேன். அப்போதுதான் கூகுள் நேராக உள்பக்கத்துக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தது. முகப்பைத் தாண்டி, மெனுவைத் தாண்டி, வெறும் கட்டுரைக் கோப்புக்கு. அந்தக் கோப்பில் என்ன இருந்தது? கட்டுரை இருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. தளத்தின் பெயர் இல்லை. வெளியே போக வழி இல்லை. ஏனென்றால் சாரின் பெயரை நான் அழகாக, பெரிய எழுத்தில், மேல் ஃப்ரேமில் வைத்திருந்தேன். அது எப்போதும் கண்ணில் படுமே என்று.

ஃப்ரேமின் கேடுகள் என்று பட்டியல் போடுகிறவர்கள் பின்செல்லும் பொத்தான் குழம்பும், சின்னத் திரையில் இடம் அடைக்கும், கண் தெரியாதவர்களின் திரைவாசிப்பானுக்குச் சிரமம் என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாம் சரிதான். எனக்கு அவையெல்லாம் இரண்டாம் பட்சம். எழுத்தையும் எழுதியவனையும் வேறு வேறு கோப்பில் வைத்ததுதான் குற்றம். ஒன்று மட்டும் தனியாகக் கிளம்பிப் போனால் இன்னொன்று கூட வராது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. உள்ளே இருக்கிற ஒவ்வொரு கோப்புக்கும் உண்மையில் தனி முகவரி இருந்தது, பிரவுசர் காட்டவில்லை என்பதுதான் விஷயம். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் பெயர், தேதி, இதன் முகவரி இது என்று மூன்று வரி அடித்திருந்தால் போதும். 41 கோப்பில் மூன்று வரி. பரீட்சை முடியட்டும், வேலை கிடைக்கட்டும் என்று தள்ளிப் போட்டேன். ஆகவே பொற்காலம் என்று உருகுகிறவர்களே, அது சொந்த வீடுதான், ஒப்புக்கொள்கிறேன். கதவு நம்பர் எழுதாமல் விட்டதும் நாம்தான்.

டீக்கடைத் தம்பியிடம் எனக்கு இன்னொரு கணக்கு பாக்கி. ஃப்ரேம் செத்துவிட்டது என்று அவர் நினைக்கிறார். 1997-ல் அமெரிக்காவில் டோட்டல் நியூஸ் என்று ஒரு தளம் மற்றப் பத்திரிகைகளின் செய்திப் பக்கங்களைத் தன் ஃப்ரேமுக்குள் காட்டி, ஓரத்தில் தன் விளம்பரத்தை ஓட்டியது. வாசகர் படித்தது வாஷிங்டன் போஸ்ட், மேலே தெரிந்த முகவரி டோட்டல் நியூஸ். பத்திரிகைகள் சேர்ந்து வழக்குப் போட்டன. அந்த வருஷமே சமரசமாகி, இனி ஃப்ரேமுக்குள் காட்டுவதில்லை, சுட்டி மட்டும் கொடுக்கிறோம் என்று அந்தத் தளம் இறங்கி வந்தது. இப்போது உங்கள் செல்பேசியில் ஃபேஸ்புக்கில் வருகிற ஒரு கட்டுரையின் சுட்டியைத் தொடுங்கள். அது உங்கள் பிரவுசரில் திறக்கிறதா? ஃபேஸ்புக்குக்கு உள்ளேயே திறக்கிறது. மூடினால் விட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறீர்கள். இன்ஸ்டாகிராமில் பதிவுக்கு அடியில் சுட்டி கொடுத்தால் அது வெறும் எழுத்து, தொட்டால் ஒன்றும் நடக்காது. இது ஃப்ரேம் இல்லையென்றால் வேறு என்ன? அன்றைக்கு வழக்குப் போட்டார்கள். இன்றைக்கு நாமே போய் உட்கார்ந்துகொள்கிறோம்.

இலக்கியம் படிக்கிறவர்கள் செய்வது இன்னும் மோசம். ஒரு கவிதை பிடித்துவிட்டால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கிறீர்கள். நல்ல மனசுதான். ஆனால் கவிஞர் பெயர் மேலே இருந்திருக்கும், உங்கள் கத்தரிப்பில் போயிருக்கும். இதழின் பெயர் கீழே இருந்திருக்கும், அதுவும் போச்சு. தேட முடியாது, நகலெடுக்க முடியாது, இருபத்துநாலு மணி நேரத்தில் மறைந்தும் போகும். நான் 2001-ல் காசில்லாமல், தெரியாமல் செய்ததை நீங்கள் எல்லா வசதியும் கையில் வைத்துக்கொண்டு செய்கிறீர்கள். சுட்டியையும் சேர்த்து ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

இதழ் நடத்துகிறவர்களையும் விடமாட்டேன். புதுப் பொலிவுடன் தளம் என்று அறிவிப்பு வருகிறது. வாழ்த்துகள் குவிகின்றன. மறுநாள் பழைய கட்டுரைச் சுட்டி எதைத் தொட்டாலும் 404. பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு வாசகரைத் தானாகத் திருப்பிவிடுவது ஒன்றும் ராக்கெட் வேலை இல்லை, டிசைனரிடம் கேட்டால் செய்து தருவார். கேட்பதில்லை. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே தலைப்பாடாக அடித்துக்கொண்டார், நல்ல முகவரி மாறக் கூடாது என்று. ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் உங்கள் இதழை ஒரு மாணவி மேற்கோள் காட்டியிருந்தால் அவள் இப்போது என்ன செய்வாள்? இருந்ததற்குச் சாட்சி அவள் வார்த்தை மட்டும்தான்.

சார் 2011-ல் காலமானார். வீட்டைக் காலி செய்தபோது நோட்டுகள் பழைய பேப்பரோடு போய்விட்டன. யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே என்று நினைத்திருக்கிறார்கள். அதற்குள் அந்த இலவச சர்வரும் போயிருந்தது. ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டதை உலகமே பேசியது. சின்னச் சின்ன சர்வர்கள் மூடியபோது ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. என்னிடமிருந்த பிளாப்பிகள் பூசணம் பிடித்துக் கிடந்தன, ஒன்றும் படிக்கவில்லை.

இன்டர்நெட் ஆர்க்கைவில் போய்த் தேடினேன். அது முகவரி முகவரியாகத்தான் சேமிக்கும். என் தளத்தின் முதல் கோப்பு இருந்தது. திறந்தால் திரை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் மெனு முழுசாக வந்தது, 41 தலைப்பும். ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஆறு கட்டுரை வந்தது. மற்றதற்கெல்லாம் வலது பக்கம், இந்தப் பக்கம் சேமிக்கப்படவில்லை. 'எழுபத்தேழு வெள்ளம்', இல்லை. 'அம்மா மண்டபத்துப் படிகள்', இல்லை. 'மொட்டைக் கோபுரத்து நிழல்', இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு நீளமான செய்தி வந்தது. மேலே 'படித்ததில் பிடித்தது' என்று போட்டிருந்தது. ராஜகோபுரம் எழும்புவதற்கு முன்னால் அந்த மொட்டைக் கோபுரத்துக்கு அடியில் பையன்கள் மத்தியான வெயிலுக்கு ஒதுங்குவதைப் பற்றி. இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது, சாருடையது. யாரோ பெயரில்லாத அந்தப் பக்கத்துக்குக் கூகுள் வழியாக வந்து, நகலெடுத்து, எங்கெங்கோ சுற்றி அது திரும்ப ஸ்ரீரங்கத்துக்கே வந்திருக்கிறது. பாதிதான் இருந்தது. கடைசியில் யாரோ தங்கள் சொந்தச் சரக்காக ஒரு பத்தியும் நாலு கும்பிடும் சேர்த்திருந்தார்கள்.

இது வடக்கு உத்திர வீதியில் இருந்த இன்னார் எழுதியது என்று சாரின் பெயரைப் போட்டு எழுதினேன். குழுவில் ஒரு இளைஞர், சாரைப் பார்த்திருக்கக்கூட மாட்டார், மரியாதையாகத்தான் கேட்டார்: "அப்படியா சார்? லிங்க் இருக்கா?"

இடது பக்கத்தை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன்.